இடது குடம்

தபால் வண்டிக்கு வயது முப்பத்தெட்டு.
ஃபோர்டு. ஒரு கதவு மட்டும் வேறு நிறம்.
நெவாடாவின் இந்த மூலையில்
வாரம் மூன்று நாள், போக வர நூற்று நாற்பது மைல்,
பதினேழு பெட்டிகள்.
கடைசிப் பெட்டி பென்யாட் இரிபார்னேயுடையது,
கணவாய்க்கு அப்பால், ஆட்டுக் கொட்டகைகளோடு.

பிப்ரவரியில் அதே கணவாயின் மூன்றாம் வளைவில்
லீவரைத் தள்ளினேன். பச்சை விளக்கு எரிந்தது.
நான்கும் இழுக்கின்றன என்றது விளக்கு.
இறங்கிப் பார்த்தால்
பின்சக்கரங்கள் அச்சுவரை குழி பறித்திருந்தன.
முன்சக்கரங்களின் கீழே
பனி கலையவே இல்லை.
பந்தியில் இலை எடுக்க ஆள் தேடும்போது
கைகட்டி நிற்கும் தூரத்துச் சொந்தம் மாதிரி
நின்றன இரண்டும்.

தானியங்கிக் குடங்கள் அவை.
வண்டி உருண்டால் தாமே பூட்டிக்கொள்ளும்,
பின்னால் நகர்ந்தால் தாமே விட்டுவிடும்,
யாரும் குளிரில் இறங்க வேண்டியதில்லை
என்று சொல்லித்தான் விற்றார்களாம்.
முப்பத்தேழு குளிர்காலம் எனக்காக யோசித்தன.
அன்றைக்கு யோசிப்பதை நிறுத்திக்கொண்டன.

பென்யாட்டின் இன்சுலின் பொட்டலத்தை
உறைந்துவிடாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டு
நான்கு மைல் நடந்தேன்.
கதவைத் திறந்தவன் கேட்டான்:
"கரண்ட் பில்லும் வந்திருக்கா, வெர்லா?"

ஏப்ரலில் ஒரு தீவனச் சாக்கோடு வந்தான்.
கொட்டகைக்குப் பின்னால் செத்துக் கிடக்கும்
அவனுடைய ஃபோர்டிலிருந்து கழற்றிய
கையால் பூட்டும் குடங்கள், ஒரு ஜோடி.
"ஓடாத வண்டிக்கு எதுக்கு இது" என்றான்.
நன்றி என்ற சொல்லை
அவன் அப்படித்தான் உச்சரிப்பான்.

ஜாக்கி, கட்டை, சக்கரம் கழற்றல்.
மூடியைத் தட்டி எடுத்ததும்
கறுத்த கிரீஸ், உடைந்த வளையத்தின் பற்கள்,
யாருடைய வாயிலிருந்தோ விழுந்தவை போல.
எல்லாவற்றையும் காபி டப்பாவில் போட்டேன்.
பழைய நட் புதிய குடத்துக்கு ஆகாது.
உள்ளே ஒன்று, வெளியே ஒன்று,
நடுவே துளைகள் கொண்ட வாஷர்.
உள் நட்டை இறுக்கு. சக்கரத்தைச் சுற்று.
பிறகு கால் சுற்று தளர்த்து.
இறுக்கியது இறுக்கியபடி இருந்தால் பேரிங் வெந்துபோகும்.
அதிகம் தளர்ந்தால் சக்கரம் குடித்தவன்போல நடக்கும்.

முளைக்கும் துளைக்கும் மயிரிழை தூரம்.
நட்டை நகர்த்தினால் கால் சுற்று கெட்டுவிடும்.
வாஷரைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.
உட்கார்ந்தது.
எங்கோ ஒரு தொழிற்சாலையில் யாரோ
துளைகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்,
இந்தச் சிக்கல் வரும் என்று தெரிந்து.
அந்த ஆளுக்கு ஒரு கடிதம் போடலாம்.
விலாசம்தான் இல்லை.

பென்யாட் டார்ச் பிடித்தான்,
பெரும்பாலும் தன் பூட்ஸ்மேலேயே.
கடைசி வில்வளையம் துள்ளிப் பறந்தது.
நாற்பது நிமிடம் தரையில் தவழ்ந்தோம்.
அது அவன் கால்சட்டையின் மடிப்பில் இருந்தது.

வெளியே இப்போது ஒரு குமிழ்.
இரண்டே சொற்கள்:
பூட்டு. விடு.

நவம்பரில் முதல் பனி.
கணவாய் அடிவாரத்தில் நிறுத்தி இறங்கினேன்.
கெண்டைக்கால்வரை.
கையுறையோடு குமிழ் பிடிபடாது.
வெறும் விரலில் உலோகம் கடித்தது.
திருப்பினேன். டக்.
ஏறினேன்.
மூன்றாம் வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டேன்.
வண்டி ஒரு முறை ஆடியது,
போய்க்கொண்டே இருந்தது.
சத்தமாகப் பாடினேன்,
கேட்க ஆளில்லாத இடம்தானே.

பென்யாட் வாசலுக்கு வந்தான்.
என்னைப் பார்க்கவில்லை, சக்கரங்களைப் பார்த்தான்.
வலது பக்கம் தலையசைத்தான்.
இடது பக்கம் போய் நின்றான்.
நின்றுகொண்டே இருந்தான்.

"இது விடுவிலேயே இருக்கே."

ஒன்று பூட்டாவிட்டால்
அச்சின் பலமெல்லாம் அந்தப் பக்கமே வழிந்து வீணாகும்.
இரண்டும் சும்மா.
அப்படியென்றால் மலை ஏறியது
பழைய பின்சக்கரங்கள் இரண்டும்தான்,
ஒன்பது மாத வேலையும்
என் பாட்டும் முன்னால் சவாரி வந்தன.

அவன் சிரிக்கவில்லை. ரொம்பக் கஷ்டப்பட்டு.
பனியில் மண்டியிட்டு
பல்லால் கையுறையை இழுத்துக் கழற்றி
குமிழைத் திருப்பினான்.
டக்.

நான் கரண்ட் பில்லை நீட்டினேன்.